ஒரு சர்வரும் பதினேழு தின் கிளையன்ட்களும்: டர்பன் கணக்கர் அலுவலகம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் இயங்கும் கணக்கு, வரி ஆலோசனை அலுவலகம் இது. தலைமை அலுவலகத்தில் 21 பேர், வடக்கே டொங்காட் கிளையில் 5 பேர். வாடிக்கையாளர்களில் சிறு கடைக்காரர்கள், லாரி முதலாளிகள், சில கோயில் நிர்வாகங்கள் அதிகம். உரிமையாளர் டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊழியர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். மூத்தவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வார்கள், கோப்புகளும் கடிதங்களும் ஆங்கிலத்தில். கணினிப் பராமரிப்பு ஆலோசகராக நான் அங்கே போய்வந்தேன்.

2022 இறுதியில் அங்கிருந்த மேசைக் கணினிகளுக்கு நான்கு முதல் எட்டு வயது. எல்லாவற்றிலும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்புகள் மூலையில் இருந்த ஒரு சிறிய சர்வரின் பகிர்வுக் கோப்புறையில் இருந்தன. மென்பொருள் ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக ஓடியது. டொங்காட் கிளை விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாக அதே கோப்புறையைத் திறந்தது.

அப்போது லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை வெட்டுவது, உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பன் நகராட்சிப் பகுதிக்குச் சில மாதங்கள் விலக்கு இருந்தது. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் அந்த விலக்கு விலகி, மற்ற ஊர்களைப் போலவே இங்கும் வெட்டு வரத் தொடங்கியது, ஒரு முறைக்கு இரண்டு மணி நேரம். அலுவலகத்தில் ஒரு டீசல் ஜெனரேட்டர் இருந்தது. அது எழுந்து மின்சாரம் தருவதற்குள் கணினிகள் அணைந்துவிடும். மேசைக்கு அடியில் இருந்த குட்டி யுபிஎஸ்களில் பாதிக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது.

உரிமையாளர் மேசையில் இரண்டு விலைப்பட்டியல்கள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும் புதிய மேசைக் கணினி. மற்றொன்று ஒரு பெரிய சர்வர், எல்லோருக்கும் தின் கிளையன்ட் (சர்வரில் ஓடும் நிரலின் திரையை மட்டும் காட்டும் சிறு பெட்டி). “எது வேகம்?” என்பதுதான் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி.

## கண்டறிந்தவை

பட்டியல்களை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு வாரம் அளவெடுக்க அனுமதி கேட்டேன். டாஸ்க் மேனேஜரும் விண்டோஸின் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டருமே போதுமானதாக இருந்தன.

முதலில் தெரிந்தது, எந்தக் கணினியிலும் சிபியு திணறவில்லை. காலையில் விண்டோஸ் எழும்போதும், பிரவுசரும் எக்செலும் சேர்ந்து திறக்கும்போதும் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது. சிபியு பெரும்பாலும் சும்மா இருந்தது. நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க் ஒன்று, சிதறிக் கிடக்கும் தரவை நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் எட்டிப் பிடிக்கும். சுழலும் பாகமே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி அதைப் பல்லாயிரம் முறை செய்யும். புதிய கணினி வாங்கினால் வேகம் கூடும் என்ற நம்பிக்கையில் பெரும்பங்கு உண்மையில் எஸ்எஸ்டி மேல் வைத்த நம்பிக்கை.

இரண்டாவது, கணக்கு மென்பொருள். ஒரு வாடிக்கையாளரின் ஆண்டு லெட்ஜரைத் திறக்கும்போது அது கோப்பை மொத்தமாகக் கேட்பதில்லை. பதிவு பதிவாகக் கேட்டு, ஒன்று வந்த பிறகே அடுத்ததைக் கேட்கிறது. அப்படி ஐயாயிரம் கேள்விகள் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள் ஒரு கேள்வி போய்வர அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் இரண்டரை நொடி. டொங்காட்டிலிருந்து விபிஎன் வழியாகப் போய்வர 15 மில்லிசெகண்ட் என்றால் அதே வேலைக்கு 75 நொடி. அங்கே ஃபைபர் இணைப்பின் கொள்ளளவை இரட்டிப்பாக்கியும் பலன் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான். குழாய் எவ்வளவு அகலமானாலும் போய்வரும் நேரம் குறையாது. டொங்காட் மேசையில் எவ்வளவு விலையுயர்ந்த கணினியை வைத்தாலும் இந்த 75 நொடி அப்படியே இருக்கும்.

மூன்றாவது விஷயத்தை எந்தக் கருவியும் காட்டவில்லை. அங்கே முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்யும் மூத்த பெண் கணக்காளர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. அவர் மேசை அருகே நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: “தம்பி, இந்தப் பிள்ளைங்க எல்லாம் கம்ப்யூட்டர் ஸ்லோ, ஸ்லோங்கிறாங்க. எனக்கு ஸ்லோவாலே ஒண்ணும் இல்லே. லைட் போறப்போ எது பதிஞ்சுது, எது போச்சுன்னு தெரியலே பாருங்க, அதுதான் பயம்.”

அவரைக் கவனித்தபோது புரிந்தது. போனில் எஸ்கம்-சே-புஷ் செயலி வெட்டு வரும் நேரத்தைச் சொன்னதும், கால் மணி நேரம் முன்பே பதிவதை நிறுத்திவிடுவார். ஒரு பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்வார். மின்சாரம் வந்த பிறகு, கடைசியாகப் பதிந்ததைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே தொடங்குவார். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். யாராவது ஒருவர் கணினி பதிவுக்கு நடுவே அணைந்தால் பகிர்வுக் கோப்பு பழுதாகும். பிறகு எல்லோரும் வெளியேறி இண்டெக்ஸைத் திரும்பக் கட்ட வேண்டும். மின்சாரம் இல்லாத நேரத்தைவிட இந்த முன்னெச்சரிக்கைக்கும் சீரமைப்புக்கும் போன நேரம் கூடுதலாக இருந்த நாள்கள் உண்டு. மெதுவான கணினி என்று எல்லோரும் சொன்னதில் பாதி இதுதான் என்பது என் கணிப்பு.

## தேர்வுகளும் காரணங்களும்

தின் கிளையன்ட் என்பது தன்னளவில் எதையும் கணக்கிடாத பெட்டி. நிரல் ஓடுவது சர்வரில். திரையின் படமும், விசைப்பலகை, மவுஸ் அசைவுகளும் மட்டும் கம்பியில் போய்வருகின்றன. ஆகவே பெட்டியின் மின்சாரம் போனாலும் சர்வரில் அந்த அமர்வு விட்ட இடத்தில் அப்படியே நிற்கும். திரும்ப உள்ளே வந்தால் பாதி தட்டிய எண்கூட இருக்கும். கணக்கு மென்பொருளும் அதன் தரவும் ஒரே இயந்திரத்தில் இருப்பதால் அந்த ஐயாயிரம் கேள்விகள் கம்பியைத் தொடுவதே இல்லை.

மேசைக் கணினிக்கும் தின் கிளையன்டுக்கும் நடுவே வேகப்பந்தயம் வைப்பதில் அர்த்தம் இல்லை என்பதை உரிமையாளரிடம் சொன்னேன். எக்செலில் ஒரே ஒருவர் பெரிய கணக்குப் போட்டால் எஸ்எஸ்டி உள்ள மேசைக் கணினியே ஜெயிக்கும். பலர் ஒரே தரவை நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டிருந்தால் சர்வர் ஜெயிக்கும். இந்த அலுவலகம் இரண்டாவது வகை, நாலு பேரைத் தவிர.

அந்த நாலு பேருக்கும் மேசைக் கணினியையே விட்டோம். வாடிக்கையாளர்களோடு டீம்ஸில் நாள் முழுக்க வீடியோவில் பேசும் இருவர், பல்லாயிரம் வரிகள் கொண்ட சம்பளப் பட்டியல்களை எக்செலில் கையாளும் ஒருவர், ஸ்கேனர் மேசையில் இருப்பவர். இவர்களுடைய கணினிகளுக்கு எஸ்எஸ்டி மட்டும் மாற்றினோம். முழுத் திட்டத்திலும் கொடுத்த காசுக்குக் கூடுதல் பலன் தந்தது இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

டொங்காட்டுக்குப் புதிய பெட்டிகள் வாங்கவில்லை. அங்கிருந்த பழைய கணினிகளில் சிறிய லினக்ஸ் ஒன்றைப் போட்டு, எழுந்ததும் நேராக ஆர்டிபி (சர்வரின் திரையைத் தொலைவில் காட்டும் ரிமோட் டெஸ்க்டாப் முறை) திரைக்குப் போகும்படி செய்தோம். தென்னாப்பிரிக்காவுக்கு இது புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில் ஷட்டில்வொர்த் அறக்கட்டளையின் டக்ஸ்லேப்ஸ் திட்டம் மேற்குக் கேப் பள்ளிகளில் இதே வழியில் பழைய கணினிகளை ஒரு லினக்ஸ் சர்வரோடு கட்டி ஆய்வகங்கள் அமைத்தது.

மின்சாரக் கணக்கு தனியாகப் பார்த்தோம். மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து சராசரியாக 90 வாட் என்றால் 21 பேருக்கு 1,890 வாட். பழைய சர்வர், சுவிட்ச், ரவுட்டர் சேர்த்தால் 2 கிலோவாட்டைத் தாண்டும். தின் கிளையன்ட் 12 வாட், திரை 25 வாட். 17 பேருக்கு 629, நாலு மேசைக் கணினிக்கு 360, புதிய சர்வருக்கு 300, வலையமைப்புக்கு 60: மொத்தம் 1.35 கிலோவாட். 5 கிலோவாட்-மணி லித்தியம் பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது நாலரை என்று கொண்டால், முதல் ஏற்பாடு இரண்டு மணி நேரத்தைத் தட்டுத் தடுமாறித் தாண்டும். இரண்டாவது மூன்று மணி நேரத்துக்கு மேல் நிற்கும். ஆறாம் நிலை வெட்டில் (நிலை கூடக் கூட வெட்டுகள் அடிக்கடி வரும்) அடுத்த வெட்டுக்குள் பேட்டரி முழுதாக நிரம்பாமல் போகலாம் என்பதால் இந்த ஒரு மணி நேரம் ஆடம்பரம் அல்ல.

பாதுகாப்பும் பேச்சில் வந்தது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது குவாசூலு-நட்டாலில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டதை அங்கே யாரும் மறக்கவில்லை. அதே மாதம் 1ஆம் தேதி முதல் போபியா சட்டத்தின்படி தனிநபர் தகவலைக் காப்பது கட்டாயமானது. தின் கிளையன்ட் திருடு போனால் பெட்டி மட்டும் போகும். வாடிக்கையாளரின் அடையாள எண்ணும் வங்கி விவரமும் அதில் இருப்பதில்லை.

செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தின் கிளையன்ட் மலிவு என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் உரிமக் கட்டணத்தை மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் சர்வருக்கான பயனர் உரிமம் வேறு, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான உரிமம் வேறு, இரண்டும் வேண்டும். ஆபீஸ் மென்பொருளைப் பகிர்ந்த சர்வரில் ஓட்ட மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் ஸ்டாண்டர்டு போதாது, பிரீமியம் தேவை. இவற்றைச் சேர்த்தபோது இரண்டு விலைப்பட்டியல்களும் ஏறத்தாழ ஒரே தொகையில் வந்து நின்றன. எனவே முடிவு விலையால் எடுக்கப்பட்டதல்ல. ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் இல்லாமலே முதல் 120 நாள் ஓடும் என்பதால் பலர் அதைத் தள்ளிப்போடுவார்கள். 121ஆம் நாள் ஒருவரும் உள்ளே வர முடியாமல் நிற்பார்கள். இங்கே முதல் வாரமே வாங்கிவிட்டோம்.

சர்வருக்கு 16 கோர், 128 ஜிபி நினைவகம், இரட்டைப் பிரதியாக எஸ்எஸ்டி. ஆளுக்கு 4 ஜிபி என்ற கணக்கு. இரண்டு ஜிபி போதும் என்ற பழைய கணக்கு இன்றைய பிரவுசர்களுக்கு முன்னால் நிற்காது. சர்வருக்கு இரண்டாவது பவர் சப்ளை பட்டியலில் இருந்தது. தொகையைக் குறைக்கும் கடைசிச் சுற்றில் நிர்வாகம் அதை எடுத்துவிட்டது.

## நடந்தவை

2023 மார்ச் முதல், அதாவது பிப்ரவரி இறுதியில் வரும் முன்வரி (ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு முன்கூட்டியே கட்டும் வரி) நெருக்கடி முடிந்ததும், ஐந்து பேரோடு தொடங்கிப் படிப்படியாக மாற்றினோம். ஆன்ட்டியை முதல் ஐவரில் சேர்த்தது திட்டமிட்டுச் செய்தது. அவர் ஏற்றுக்கொண்டால் மற்றவர்கள் வாதாட மாட்டார்கள்.

லெட்ஜர் விஷயத்தில் பலன் உடனே தெரிந்தது. டொங்காட்டில் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது சில நொடிகளில் வந்தது. எட்டு வயதுக் கணினியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தலைமை அலுவலகத்தின் அதே வேகம் கிடைத்தது. மின்வெட்டின்போது அமர்வு அழியாமல் நிற்பதை நம்ப அவர்களுக்குச் சில வாரம் ஆனது. பிரிண்ட் எடுத்து வைக்கும் பழக்கம் மெதுவாகத்தான் நின்றது. ஆன்ட்டி ஒருநாள் வேண்டுமென்றே பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சோதித்தார். திரும்பச் செருகி, பாதியில் விட்ட தொகை அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, “சரி தம்பி” என்றார். அதற்கு மேல் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை.

தொல்லைகளும் வந்தன. காலை எட்டு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் நுழையும்போது சர்வர் திணறியது. ஆன்டிவைரஸின் முழுச் சோதனை அதே எட்டு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது தெரிந்து, இரவுக்கு மாற்றியதும் பெரும்பகுதி தீர்ந்தது. ஸ்கேனரை ஆர்டிபி வழியாக ஓட்டும் முயற்சியைச் சீக்கிரமே கைவிட்டு, நேராகக் கோப்புறைக்கு ஸ்கேன் செய்யும்படி அமைத்தோம். டொங்காட்டில் பிரிண்ட் வர நேரம் பிடித்தது. ஒரு படிவம் அச்சாகும் முன் சர்வரில் பெரிய கோப்பாகி, கம்பி வழியே போய்ச் சேர வேண்டியிருந்தது. லோகோ படத்தைச் சிறிதாக்கியதில் பாதி குறைந்தது.

கோயில் கணக்குகளைப் பார்க்கும் ஒருவர், விழா அழைப்பிதழ்களையும் தமிழில் தட்டித் தருவார். தின் கிளையன்டில் உட்கார்ந்ததும் அவருடைய தமிழ்99 விசைப்பலகை மறைந்துவிட்டது. காரணம், ஆர்டிபி இணைப்பில் விசைப்பலகை அமைப்பு பயனரின் பெட்டியிலிருந்து சர்வருக்குப் போகிறது. அந்தப் பெட்டியின் மென்பொருளில் தமிழ் இல்லை. பெட்டி அனுப்பும் அமைப்பைப் பொருட்படுத்தாதே என்று சர்வரில் ஒரு ரெஜிஸ்ட்ரி மாற்றம் செய்து, தமிழ்99ஐ அங்கேயே நிறுவிய பிறகு சரியானது. தமிழில் தட்டச்சு செய்பவர் ஒருவர் இருந்தாலும் வாங்கும் முன் இதைச் சோதித்துக்கொள்ள வேண்டும். விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தைப்பூசம் பெரிய தலைவலி. 2024இல் காவடியைக் கோயில் நேரலையாக ஒளிபரப்பியது. அலுவலகத்தில் பாதிப்பேர் ஓரத்தில் ஒரு சிறு சாளரத்தில் அதைத் திறந்து வைத்தார்கள். மேசைக் கணினிக் காலத்தில் அவரவர் கணினியின் பாடு அது. இப்போது சர்வர் ஒவ்வொருவருக்கும் வீடியோவை விரித்து, ஒவ்வொரு காட்சியையும் திரும்பச் சுருக்கி அனுப்ப வேண்டும். விண்டோஸ் சர்வர் சிபியுவை அமர்வுகளுக்கு நியாயமாகப் பங்கிட்டுக் கொடுக்கும்தான்; பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் வீடியோ பார்த்தால் பங்கிட என்ன மிச்சம் இருக்கும்? வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எழுத்து தட்டிய பிறகு தாமதமாகத் திரையில் வந்தது. யூடியூபைத் தடை செய்யலாம் என்று ஒரு யோசனை வந்தது. தைப்பூசத்தன்று அதைச் செய்ய உரிமையாளருக்கு மனம் இல்லை, எனக்கும் இல்லை. உணவு அறையில் ஒரு டிவியை வைத்து அதில் நேரலையை ஓடவிட்டு, விருந்தினர் வைஃபையைக் கைபேசிகளுக்குத் திறந்துவிட்டோம்.

அந்த ஆண்டு பிப்ரவரியின் கடைசி வாரத்தில், முன்வரிக் கெடுவுக்கு நடுவே, சர்வரின் பவர் சப்ளை எரிந்தது. அந்த நொடியில் 17 பேருக்கும் டொங்காட்டின் 5 பேருக்கும் கறுப்புத் திரை. மாற்றுப் பாகம் ஜோஹன்னஸ்பர்கிலிருந்து அடுத்த நாள்தான் வந்தது. முந்தைய இரவின் பிரதியை எஸ்எஸ்டி உள்ள நாலு மேசைக் கணினிகளில் ஒன்றில் ஏற்றி, கெடு நெருங்கிய வாடிக்கையாளர்களை மட்டும் நாலு பேர் மாறி மாறி முடித்தார்கள். வரித்துறையின் ஈ-ஃபைலிங் பிரவுசரில் ஓடுவதால் தாக்கல் செய்வதில் சிக்கல் இல்லை. ஒருவருக்கும் தாமத அபராதம் வரவில்லை. ஆனால் மேசைக் கணினிக் காலத்தில் ஒரு கணினி எரிந்தால் ஒருவர் நின்றார். இப்போது எல்லோரும் நின்றார்கள். அந்த மாதமே இரண்டாவது பவர் சப்ளை வந்தது.

2024 மார்ச் 26க்குப் பிறகு லோட் ஷெடிங் நீண்ட காலம் நின்றது. மின்வெட்டுக்காகச் செலவு செய்தது வீணா என்று உரிமையாளர் கேட்டார். கேள்வி நியாயம்தான். ஆனால் டொங்காட்டின் வேகத்துக்கும் மின்வெட்டுக்கும் தொடர்பு இல்லை. பேட்டரியும் துணைமின்நிலையக் கோளாறுகளுக்கும் கம்பித் திருட்டுக்கும் உழைத்துக்கொண்டுதான் இருந்தது. 2025 பிப்ரவரியில் வெட்டு மறுபடி ஆறாம் நிலை வரை போனபோது அலுவலகத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிபியுவும் வேண்டும். பழைய மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறியிருக்காது. மாற்ற வேண்டியிருந்தது அந்த நாலில் இரண்டுதான். டொங்காட்டின் லினக்ஸ் பெட்டிகளுக்கு இந்தத் தேதி ஒரு பொருட்டே இல்லை.

## வேறு விதமாகச் செய்யக்கூடியவை

இதே அலுவலகத்துக்குத் திரும்பத் திட்டமிட்டால் ஒரு பெரிய சர்வருக்குப் பதில் இரண்டு நடுத்தரச் சர்வர்களைச் சொல்வேன். ஒன்று நின்றால் மற்றொன்றில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு வேலை செய்யலாம். விலை கூடும், பிப்ரவரி நெருக்கடியைப் பார்த்த நிர்வாகம் இப்போது அதை மறுக்காது. பத்துப் பேருக்குக் குறைவான, கிளை இல்லாத அலுவலகம் என்றால் தின் கிளையன்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கணினிகளுக்கு எஸ்எஸ்டி, தரவுத்தளத்துக்கு ஒரு நல்ல சர்வர், ஒரு இன்வெர்ட்டர், அவ்வளவே போதும். உரிமக் கட்டணமும் பராமரிப்பும் அந்த அளவில் கட்டுப்படியாகாது.

எல்லாவற்றையும் ஜோஹன்னஸ்பர்கில் உள்ள மேகச் சேவை ஒன்றுக்கு மாற்றலாம் என்ற பேச்சும் எழுந்தது. டர்பனிலிருந்து அங்கே போய்வரும் நேரம் திரை அனுப்பப் போதுமானது என்பதால் தொழில்நுட்பத் தடை இல்லை. மாதக் கட்டணத்தைத்தான் நிர்வாகம் யோசிக்கிறது. வீடியோ சந்திப்புகள் கூடிக்கொண்டே போவதால் மேலும் மூவர் தின் கிளையன்டிலிருந்து மேசைக் கணினிக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். இருவருக்குக் கொடுத்துவிட்டோம், மூன்றாமவர் வாரத்துக்கு ஒருமுறைதான் வீடியோவில் பேசுகிறார் என்பதால், அதற்கு உணவு அறைக்குப் பக்கத்தில் பொதுவாக ஒரு மடிக்கணினி வைத்திருக்கிறது.